சம்பந்தியம்மாவின் பாதிச் சிரிப்பு

ஜிபார் போட்ட ஊசியில் அவளுடைய சம்பந்தியம்மாவின் வாய் கோணிக்கொண்டது என்ற சேதி வந்து சேர்ந்தபோது, ஜிபார் தன் வீட்டு முற்றத்தில் முழங்கால் உயரப் பீன்ஸ் சருகுக்குள் நின்று, காய்ந்த செடியைக் கவைக்கோலால் அள்ளி அள்ளிக் கொட்டை பிரிக்கும் மிஷினுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்டோபர் கடைசி. தலாஸ் பள்ளத்தாக்கில் அந்த மாதம் யாருக்கும் தும்மாமல் பேச வராது. அக்தால் கிராமத்தில் வீட்டுக்கு வீடு மிஷின் ஓடும். புழுதி புருவத்தில் ஏறும், தேநீரில் விழும், தலையணை உறைக்குள்ளும் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் பனி விழுவதற்குள் கொட்டையைப் பிரித்து மூட்டை கட்டியாக வேண்டும் என்பதால் ஊரே ஆளுக்கு ஒரு முகத்துணியைக் கட்டிக்கொண்டு திருடர் கூட்டம் மாதிரி அலையும்.

சேதி கொண்டுவந்தவர் ஜுமகாதிர் பெரியவர். எழுபத்திரண்டு வயது. ஊரில் எந்தக் கெட்ட சேதியும் அவர் குதிரை மேல் ஏறாமல் அடுத்த தெருவுக்குப் போகாது. வேலியோரம் குதிரையை நிறுத்தி, இறங்காமலே கத்தினார்.

"நர்சம்மா, மிஷினை நிறுத்து. உல்கானுக்கு வாய் காதுப் பக்கம் போயிருச்சு."

ஜிபாரின் கணவன் தாஷ்தான் மிஷினை நிறுத்தினான். திடீரென்று வந்த அமைதியில் நாய் குரைப்பது கேட்டது.

"என்ன பெரியப்பா சொல்றீங்க?"

"காலையில எந்திரிச்சுக் கண்ணாடி பார்த்திருக்கா. மூஞ்சி பாதி தூங்குதாம், பாதி முழிச்சிருக்காம். நேத்து நீ குத்தினதுதான். வலது கையில குத்தினே, உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டுப் போய் இடது பக்கம் ஏறியிருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. ஆனால் நடந்து முடிந்த எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவர் அவர்தான் என்பதை ஊரில் யாரும் மறுப்பதில்லை, மறுத்தால் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

ஜிபார் கவைக்கோலைக் கீழே போட்டாள். தாஷ்தான் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இருவருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்தது, அது ஊசி அல்ல.

நடந்தது இதுதான். ஜிபாரின் ஒரே மகள் பேகாயிமை, செப்டம்பரில், கீழத்தெரு உல்கானின் மகன் சமத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஜிபார் வீட்டில் சம்பந்தி விருந்து. ஆட்டை அடித்து, அகலமான மாவுத் துண்டுகளோடு கறி வேகவைத்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைப் பந்தித் துணி மேல் மலையாகக் கொட்டி, குறையில்லாமல்தான் செய்தாள். உல்கானின் தோளில் கரும்பச்சை வெல்வெட் கோட்டைப் போர்த்தினாள். அப்புறம் விருந்தின் முக்கியமான கட்டம். வெந்த கல்லீரலையும் ஆட்டின் வால்கொழுப்பையும் சேர்த்து எடுத்து, சம்பந்திக்குத் தன் கையால் ஊட்ட வேண்டும். அந்த வாய் அதை விழுங்கிவிட்டால் இரண்டு வீடும் ஒன்று. அதற்கப்புறம் யாரும் யாரையும் விலக்க முடியாது.

ஜிபார் ஊட்டினாள். உல்கான் வாங்கினாள். வாங்கியது பாதி, வாயின் ஓரம் வழியாக வழுக்கி வெளியே வந்து புதுக் கோட்டின் மேல் விழுந்தது. அதோடு உல்கான் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. மறுபக்கம் இவளும் ஒரு ஆளா என்று அப்படியே கிடந்தது. உறவைத் துப்பிவிட்டு ஏளனமாகச் சிரித்தது போலத்தான் ஜிபாருக்குப் பட்டது. முகத்தை மாற்றாமல், வாய் துடைக்க ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். விருந்தாளிகள் போனபின், ராத்திரி எட்டு மணிக்கு, பாத்திரம் தேய்க்கும்போது தாஷ்தானிடம் சொன்னாள்.

"எம் பொண்ணைக் கொடுத்துட்டேன்னுதானே இந்த எகத்தாளம். அந்த வாய் அப்படியே கோணிக்கிட்டுப் போக."

அது கோணிக்கிட்டுப் போய்விட்டது.

இத்தனைக்கும் செவ்வாய்க்கிழமை, குளிர்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசி முதல் நாள், சுகாதார நிலையத்தில் யாரும் எட்டிப்பார்க்காத நேரத்தில், அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தவள் உல்கான்தான். அறுபத்துமூன்று வயது, வாட்டசாட்டமான பெண்பிள்ளை. ஊர்ப் பெண்கள் அவள் உட்கார்ந்தால் உட்காருவார்கள், எழுந்தால் எழுவார்கள். முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, "என் சம்பந்தி கை. எனக்கென்ன பயம், குத்து," என்று சட்டைக் கையைச் சுருட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் பதினொரு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தோடேயே ஜிபார் அவளுக்கு ஊசி போட்டாள். ஆனாலும் மெதுவாகத்தான் போட்டாள்.

கீழத்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள் ஜிபார். பேகாயிம் வாசலிலேயே நின்றாள். கல்யாணமான ஒரு மாதத்தில் மகளுக்குத் தலையில் கட்டிய வெள்ளைத் துணி இன்னும் பழகவில்லை, நெற்றிக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

"அம்மா, இப்ப உள்ள வராதே. அத்தை உன்னைப் பார்க்க மாட்டேன்னு சொல்றாங்க."

"நான் சம்பந்தியா வரலடி. நர்சா வந்திருக்கேன்."

"நர்சைத்தான் பார்க்க மாட்டேங்கிறாங்க."

ஜிபார் மகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். உல்கான் சூடான உப்பு மூட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கண் மூடவில்லை. இடது நெற்றியில் சுருக்கமே இல்லை, அந்தப் பக்கம் மட்டும் இருபது வயது குறைந்தது போல் இருந்தது. கை கால் நன்றாக அசைந்தன. பேச்சு வந்தது, உதடு சேர வேண்டிய எழுத்து மட்டும் காற்றாகப் போனது.

"பக்கவாதம் இல்ல," என்றாள் ஜிபார். "முகத்து நரம்பு வீங்கியிருக்கு. இன்னிக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை ஆரம்பிக்கணும். தள்ளிப் போடக் கூடாது. சமத், காரை எடுப்பா."

"குத்தினதும் நீ, வைத்தியம் சொல்றதும் நீ," என்றாள் உல்கான். "போ சம்பந்தி. உன் மூஞ்சியைப் பார்த்தா இந்த ஒரு கண்ணும் மூட மாட்டேங்குது."

சமத் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். மாத்திரை ஆரம்பித்தார்கள். ஜிபார் வீட்டுக்கு வராமல் நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், தடுப்பூசிக்குப் பின் இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது என்று தன் கைப்பட எழுதி மேலே அனுப்பினாள். பெட்டி எண், ஊசி போட்ட நேரம், போட்டவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். தாஷ்தான் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஊர்ல எவனும் எழுதல. நீயே எழுதி, நீயே கையெழுத்துப் போட்டு, வாங்க வந்து என்னைப் பிடிங்கன்னு அனுப்பியிருக்கே."

"எழுதணுங்க. அதுதான் முறை."

"அந்த ராத்திரி எட்டு மணிக்குச் சொன்னதையும் எழுதினியா?"

அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் தொடையையும் அவளுக்குத் தெரியும். இப்போது அவள் தெருவில் வந்தால் பெண்கள் வாசலில் கொட்டை பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. மகள் போன் எடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஊசிதான் செய்தது என்று மேலிடம் எழுதிவிட்டால், அந்த வீட்டுப் படியை இனி எந்த முகத்தோடு மிதிப்பது, பேகாயிம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு தேநீர் ஊற்றுவாள் என்று நினைத்து நினைத்துப் புரண்டாள்.

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஊசிதான் என்றது பெரிய கட்சி. மிஷினுக்கு எதிரே வேர்வையோடு நின்றதில் மலைக்காற்று அடித்துவிட்டது என்றது சின்னக் கட்சி. ஜுமகாதிர் இரண்டு கட்சிக்கும் தலைவர். காற்று ஊசி போட்ட ஓட்டை வழியாக உள்ளே போனது என்று அவர் இரண்டையும் ராசி செய்துவைத்தார்.

ஜிபார் எழுதி அனுப்பியதை விசாரிக்க வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து டாக்டர் சாபிரா வந்தாள். நரம்பு டாக்டர். குள்ளமான உருவம், பெரிய ரப்பர் பூட்ஸ், காது மூடும் குல்லா. காரை விட்டு இறங்கியதும் உல்கானைப் பற்றிக் கேட்கவே இல்லை. சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியைத் திறந்தாள். தினம் இரண்டு வேளை ஜிபார் குறித்து வைத்த சூட்டு அளவை விரலால் தடவித் தடவிப் படித்தாள். மருந்துப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதே பெட்டியில் ஊசி போட்டுக்கொண்ட மீதிப் பதினொரு பேரின் வீட்டுக்கும் நடந்தாள். ஜிபார் பின்னாலேயே போனாள். ஒவ்வொரு வீட்டிலும் சிரிக்கச் சொன்னாள், கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள். களத்துப் புழுதியோடு பதினொரு பேரும் வரிசையாகக் கன்னத்தை உப்பிக் காட்டினார்கள். ஒருவனுக்குக் கை வலி, ஒருத்திக்கு அன்று ராத்திரி லேசாகக் காய்ச்சல். வேறு எதுவும் இல்லை.

"டாக்டரம்மா, ஒரு வாய் தேநீராவது," என்றாள் ஜிபார், எட்டாவது வீட்டில்.

"வாயைப் பத்தின வேலைக்கு வந்திருக்கேன். முடியட்டும்."

உல்கான் வீட்டுக்குப் போகும்போது பிற்பகல் ஆகிவிட்டது. அடுப்பில் ஆட்டுக்கறி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. உல்கான் அறையின் மேல்பக்கம், மெத்தை மேல், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. சமத் பக்கத்தில். ஜுமகாதிர் யாரும் கூப்பிடாமலே ஒரு மூலையில். தாஷ்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஜிபார் கதவோரம் செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பந்தி உட்காரும் இடம் அதுவல்ல. யாரும் மேலே வா என்று சொல்லவில்லை, பேகாயிம் உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினாள்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்றாள் சாபிரா.

"புதன்கிழமை விடியக்காலை. செவ்வாய் பத்து மணிக்கு இவ குத்தினா. கணக்குப் போட்டுக்குங்க."

"அதுக்கு முன்னால? காதுக்குப் பின்னால வலி ஏதாவது?"

"எனக்கு ஒரு வலியும் கிடையாது."

"சாப்பிடும்போது ஓரமா ஒழுகுச்சா? நாக்குல ருசி குறைஞ்சுதா? கண்ணுல தண்ணி?"

"டாக்டரம்மா, நான் நாலு பேர் நடுவுல ஒழுகவிட்டுச் சாப்பிடறவ மாதிரியா இருக்கேன்?"

"அப்படிக் கேக்கல."

"அப்படித்தான் கேட்டீங்க. இல்லைன்னு எழுதிக்குங்க."

சாபிரா எழுதிக்கொண்டாள். செவ்வாய் ஊசி, புதன் கோணல், முன்னால் ஒன்றுமில்லை. ஊர் சொன்ன கணக்கு டாக்டர் நோட்டிலும் ஏறிவிட்டது.

"கண் கட்டை எடுங்க," என்றாள் சாபிரா. "நெத்தியைச் சுருக்குங்க. கண்ணை மூடுங்க. ம். கன்னத்தை உப்புங்க. இப்ப என்னைப் பார்த்து நல்லாச் சிரிங்க."

உல்கான் சிரித்தாள்.

வலது பக்கம் உதடு மேலே போனது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. ஜிபார் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். ஐந்து நாளாக அதே சிரிப்புதான் அவள் மனசுக்குள் உட்கார்ந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. கறி வழுக்கி விழுந்தபோது சிரித்த சிரிப்பு. அன்றைக்குத் துளி கோணலாக இருந்தது, இன்றைக்கு முழுக்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லலாமா என்று அவள் யோசித்த நேரம் ஒரு கொதி சூப் பொங்கும் நேரம்தான், ஆனால் அதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. சம்பந்தி வீட்டில், சம்பந்தி முகத்துக்கு நேரே, நீ என் விருந்தில் என்னை ஏளனமாகச் சிரித்தாய் என்று சொல்வது சண்டைக்குக் கூப்பிடுவது. நான் ஊட்டிய உறவு உன் வாயிலிருந்து விழுந்தது என்று சொல்வது அதைவிட மோசம், அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தப்பித்துக்கொள்ளப் பொய் சொல்கிறாள் என்றும் ஆகும். மகளைப் பார்த்தாள். மகள் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா," என்றாள் ஜிபார். "இந்தச் சிரிப்பை நான் ஞாயித்துக்கிழமையே பார்த்தேன்."

சாபிரா அவள் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டு விருந்துல, கல்லீரலும் கொழுப்பும் இவங்களுக்கு ஊட்டினேன். பாதி வெளிய வந்துச்சு. இந்தப் பக்கமா. அப்புறம் சிரிச்சாங்க, இதே சிரிப்பு. என்னைப் பார்த்து ஏளனமாச் சிரிக்கிறாங்கன்னு நினைச்சேன். அஞ்சு நாளா வயித்தெரிச்சல்ல கிடக்கேன். நான் நினைச்சது தப்பு. அது சிரிப்பே இல்ல. நர்சா இருந்துக்கிட்டு எனக்கு அது தெரியல."

உல்கானின் ஒரு கண் பெரிதானது. மற்றக் கண் ஏற்கெனவே பெரிதாகத்தான் இருந்தது.

"நான் துப்பினேன்னு நினைச்சியா?" என்றாள். "நீ ஊட்டினதை?"

"நினைச்சேன் சம்பந்தியம்மா."

"அடிப்பாவி. வாய் கொள்ளாத அளவுக்கு நீதான் வேணும்னே திணிச்சேன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். திணிச்சு, அது விழுந்ததும், பல்லு போன கிழவிக்குக் குடுக்கிற மாதிரி எல்லாருக்கும் முன்னால துண்டை நீட்டினே. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. இவளைவிட நான் பெரிய மனுஷின்னு காட்டத்தான் செவ்வாய்க்கிழமை முதல் ஆளா வந்து கையை நீட்டினேன்."

"கோபத்துலயா வந்தீங்க?"

"பின்னே, ஆசையிலயா வந்தேன்?"

சாபிரா நோட்டை மடியில் கவிழ்த்துவைத்தாள். "ஞாயித்துக்கிழமை யாராவது போன்ல படம் எடுத்தீங்களா?"

சமத் போனை எடுத்தான். கல்யாணமான புது மாப்பிள்ளையிடம் எல்லாப் படமும் இருக்கும், அழிக்கவும் மாட்டான். படம் ஓடியது. சாபிரா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜிபாரின் கை கறியோடு வருகிறது. எல்லாரும் சாப்பிடு சாப்பிடு என்று கத்துகிறார்கள். உல்கான் வாயைத் திறந்து கண்ணை மூடுகிறாள். வலது கண் மூடுகிறது, இடது கண் பாதி திறந்தே நிற்கிறது. கறி இடது ஓரமாக வழுக்குகிறது. சாபிரா அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, மூன்று தடவை பார்த்தாள். பிறகு போனை உல்கானிடம் கொடுத்தாள். உல்கான் நெடுநேரம் பார்த்தாள். பேகாயிம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஜுமகாதிர் மூலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்துவிட்டார்.

"ஞாயிறு மதியம் ரெண்டேகால்," என்றாள் சாபிரா. "ஊசி செவ்வாய் காலை பத்து. இப்ப மறுபடி கேக்குறேன். காதுக்குப் பின்னால வலி?"

உல்கான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "சனிக்கிழமையிலிருந்து. மிஷின் சத்தம் இந்தக் காதுல இடியா இடிச்சுது. கம்பு வச்சுக் குத்தின மாதிரி வலி."

"ருசி?"

"ஞாயித்துக்கிழமை தேநீர்ல வழக்கமாப் போடுற உப்பை இவ போடலன்னு நினைச்சேன். இவ கஞ்சத்தனம்னு அதையும் மனசுல எழுதி வச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் இல்லைன்னீங்க?"

"சம்பந்தி வீட்டுப் பந்தியில ஒழுகவிட்டேன்னு நான் ஒத்துக்கிறதா? நீங்க ஒத்துப்பீங்களா டாக்டரம்மா?"

சாபிரா கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

அவள் நோட்டில் இருந்த பழைய பதிலை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். "இது ஊசியால வரல. ஊசிக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வந்தது எப்படி ஊசியால வரும்? தலாஸ்ல குழு உட்கார்ந்து கையெழுத்துப் போடும், நான் இதைத்தான் சொல்வேன். ஒருவேளை இது புதன்கிழமைதான் ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு சுலபமா சொல்லியிருக்க மாட்டேன். ஊசியா இல்லையான்னு இன்னும் நிறையப் பார்க்கணும்."

தாஷ்தான் தொப்பியைத் திருகினான். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான். ஜிபார் அவனை முறைத்தாள், ஆனால் அவன் ஐந்து நாளாக அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். சாபம் விட்டா இந்த மாதிரி ஆகுமா?"

"யார் விட்டா?"

"அது... பொதுவாக் கேக்குறேன். அந்த வாய் கோணிக்கிட்டுப் போகன்னு யாராவது சொன்னா."

எல்லாரும் ஜிபாரைப் பார்த்தார்கள். ஜிபாருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சாபிரா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனாவை எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு விட்டாங்க?"

"ஞாயிறு ராத்திரி எட்டு இருக்கும்."

"அப்ப அதுவும் இல்ல. மதியம் ரெண்டேகாலுக்கே கோணிருச்சு."

முதலில் சிரித்தவள் பேகாயிம். கையிலிருந்த பாத்திரம் தரையில் விழுந்தது. அப்புறம் சமத். உல்கான் சிரித்த சிரிப்பில் பாதி முகம் குலுங்கியது, பாதி முகம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். சூப் பொங்கி அடுப்பை அணைத்தது. ஜிபார் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

"மேல வா," என்றாள் உல்கான், மெத்தையைத் தட்டி. "செருப்புக் கிட்ட உட்கார்ந்துக்கிட்டு அழுவாத, நான் சம்பந்தியை அங்க வச்சேன்னு ஊர் சொல்லும். சாபமா விட்டே? எம் மேல?"

"கோபத்துல வந்துருச்சு சம்பந்தியம்மா."

"நல்லாப் பண்ணினே. ஆனா பாத்திரத்துக்கிட்டயும் புருஷன்கிட்டயும் ஏன் சொன்னே? எங்கிட்ட சொல்லியிருக்கணும். ஏன்டி கோணலாச் சிரிக்கிறேன்னு அன்னிக்கே என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருந்தா, கண்ணாடி பார்த்திருப்பேன். ஞாயித்துக்கிழமையே மாத்திரை போட்டிருப்பேன். மூணு நாள் போச்சு, உன் மரியாதையாலயும் என் மரியாதையாலயும்."

"நீங்களும் கேட்டிருக்கலாம், ஏன் திணிச்சேன்னு."

"கேட்டிருக்கலாம். இனிமே சண்டையை அன்னன்னிக்கே போட்டுறணும். பாக்கி வைக்கக் கூடாது. சரியா?"

சரி என்றாள் ஜிபார். முதல் சண்டை அப்போதே வந்தது. டாக்டர் எந்த வீட்டில் சாப்பிடுவது என்பதில். ஊசி போட்டவள் நான், என் வீட்டில்தான் என்றாள் ஜிபார். கோணியது என் வாய், அதனால் இங்கேதான் என்றாள் உல்கான். சாபிரா இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாள். காரில் ஏறும்போது, "நடக்க முடியல," என்று டிரைவரிடம் சொன்னதை ஜுமகாதிர் கேட்டு, அதையும் ஊருக்குள் கொண்டுபோனார்.

மறுநாளிலிருந்து உல்கான் காலையில் கொட்டை பொறுக்கி முடித்ததும் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டு, ஜிபார் அவள் இடது கன்னத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போது உல்கான் அன்றைய குறையைச் சொல்வாள். உன் மகள் ரொட்டியைக் கருக்கினாள். உன் புருஷன் என் கவைக்கோலை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் கை சில்லென்று இருக்கிறது, மலையில் பனி விழுந்தது பத்தாதா. ஜிபாரும் சும்மா இருப்பதில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்கள், குத்தியது கூடத் தெரியவில்லை. யாராவது தயங்கினால் உல்கான் பாதி வாயால் சொல்வாள், "இது ஊசிக்கு முந்தின வாய். ஊசிக்குப் பிந்தின வாய் வேணும்னா அவங்க பதினொரு பேரைப் போய்ப் பாரு."

நவம்பர் பாதியில் ஊர் முழுக்க மூட்டை கட்டியாகிவிட்டது. மிஷின்கள் ஓய்ந்தன. ஊசி போட்டுக்கொள்ளாமல் ஜுமகாதிர் ஒருவர்தான் பாக்கி. இரண்டு கட்சிக்கும் தலைவரான மனிதர் எந்தப் பக்கமும் சாய முடியாமல் தவித்தார். கடைசியில் ஒரு நாள், முதல் பனி தரையில் விழுந்த காலை, குதிரையை வெளியே கட்டிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டவில்லை, பொத்தானை மட்டும் கழற்றினார்.

உல்கான் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஜிபார் அவள் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று உல்கான் வாயே திறக்கவில்லை. குறை எதுவும் சொல்லவில்லை. ஜிபாருக்குப் பயம் வந்துவிட்டது.

"என்ன சம்பந்தியம்மா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லல? ஏதாவது மனசுல வச்சிருக்கீங்களா? அன்னன்னிக்கே சொல்லணும்னு பேச்சு."

"ஒண்ணும் இல்ல."

"எங்கிட்ட மறைக்காதீங்க. பேகாயிம் ஏதாவது பண்ணினாளா?"

"ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லை. நீ கையை எடு. அவர் பார்க்கட்டும்."

ஜிபார் கையை எடுத்தாள். உல்கான் நிமிர்ந்து ஜுமகாதிரை நேருக்கு நேர் பார்த்தாள். வலது கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கண்ணை மட்டும் மெதுவாக, முழுசாக மூடினாள். இமை இமையைத் தொட்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

ஜிபாரின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அவள் சம்பந்தியம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜுமகாதிர் பெஞ்சிலிருந்து எழுந்தார். காது வரை சிவந்துபோயிருந்தார். நாற்பது வருடமாக இந்த ஊரில் அவரைப் பார்த்து ஒரு பெண் கண்ணடித்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நர்சம்மா, இது ஊசியாலதானே?"

"இல்ல பெரியப்பா. இது நரம்பு தானா சரியாகுறது."

"நீ சொல்லுவே," என்றார் அவர், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு. "எனக்கு ரெண்டு கையிலயும் குத்து."